ஊசிக்கு அடங்காத மடிநோய், என் அனுபவம்

எங்க கிராஸ் ஜெர்சி மாட்டுக்கு பின்காம்பு ஒண்ணுல மட்டும் மடிநோய் விடாம வந்துட்டே இருந்துச்சு, ஊசி போட்டா வீக்கம் வத்தும், பால் தெளியும், கொஞ்ச நாள்ல மறுபடி திரிதிரியா வரும். இன்னும் பவரான ஊசி போடுங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. டாக்டர் மட்டும், முதல்ல பாலை கல்ச்சர் டெஸ்ட்டுக்கு (பால்ல என்ன கிருமி இருக்கு, எந்த மருந்துக்கு கேக்கும்னு பாக்குற டெஸ்ட்) அனுப்புவோம்னாரு.

சாம்பிள் எடுக்குறதுதான் முக்கியம்ங்க. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே எடுக்கணும், காம்பு நுனிய ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, முதல் சில பீச்சு பாலை தனியா விட்டுட்டு, ஸ்டெரைல் பாட்டில்ல புடிச்சு ஐஸ்ல வச்சு கொண்டு போகணும். ரிசல்ட்ல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமி இருக்கு, அதுக்கு பெனிசிலின், அமாக்ஸிசிலின் மருந்து ரெண்டும் வேலை செய்யாதுன்னு வந்துச்சு. அந்த கிருமி பீட்டா லாக்டமேஸ்னு ஒரு என்சைம் விட்டு மருந்தையே உடைச்சுடுமாம், அப்புறம் டோஸ ஏத்தி என்ன பிரயோஜனம்!

ரிப்போர்ட்ல கேக்கும்னு இருந்த மருந்தையே டாக்டர் குடுத்தாரு, வீக்கம் வத்தினாலும் கோர்ஸ நிறுத்தல, மருந்து பால்ல கலந்திருக்கும்ங்கறதால அவர் சொன்ன கெடு முடியுற வரை சொசைட்டிக்கு அந்தப் பாலை ஊத்தல. கூடவே கற்றாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50, சுண்ணாம்பு 15 அரைச்சு மடியில தடவினோம்.

இப்ப கறந்ததும் காம்ப போவிடோன் அயோடின்ல முக்குறோம், காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும்ங்கறதால உடனே படுக்காம இருக்க தீவனம் வச்சுடுறோம், மத்த மாட்டுக்கு தொத்தாம இருக்க இந்த மாட்ட கடைசியாதான் கறக்குறோம். இந்த ஈத்துல இதுவரைக்கும் திரும்ப வரல.