சைகடெலிக் ராக் ஒலியை மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடக்குவது எப்படி?

1966 முதல் 1969 வரை அமெரிக்க, பிரிட்டிஷ் தரவரிசைகளில் ஏறிய சைகடெலிக் பாடல்களை, அதாவது மயக்கத்தில் மிதப்பதுபோன்ற ஒலிகளைக் கொண்ட பாடல்களை, வரிசையாகப் போட்டுக் கேட்டால் ஒன்று பிடிபடும். பெரும்பாலானவை கச்சிதமான பாப் பாட்டுகள். மெட்டு உடனே மனதில் நிற்கும், மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். விசித்திர ஒலி ஓரிரு இடங்களில் மட்டும் தலைகாட்டும். ஸ்மால் ஃபேசஸின் 'இட்சிகூ பார்க்' (1967, பிரிட்டனில் 3ஆம் இடம்) பாட்டில் டிரம்ஸ் வானத்தில் பறப்பதுபோல் உருமாறுவது கோரஸை அடுத்து வரும் பகுதியில்தான். வீட்டில் ரெக்கார்ட் செய்பவர்கள் எல்லா டிராக்கிலும் ஃபேசர், எக்கோ, ரிவெர்ப் (அறையின் எதிரொலிப்பு) என்று ஒலியை உருமாற்றும் எஃபெக்ட்களை ஏற்றிவிடுகிறார்கள். இயல்பான ஒலி எது என்றே காதுக்குத் தெரியாதபோது, எது மாறினாலும் உறைக்காது.

அதனால் முதல் வேலை, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் பாட்டை முடிப்பது. டிரம்ஸ், பேஸ், ஒரு கிடார் அல்லது ஆர்கன், குரல் போதும். இந்த நான்கோடு பாட்டு நிற்கவில்லை என்றால் ஃப்ளாஞ்சர் போன்ற எந்த எஃபெக்ட்டும் காப்பாற்றாது. ஜெஃபர்சன் ஏர்ப்ளேனின் 'ஒயிட் ராபிட்' (1967, அமெரிக்காவில் 8ஆம் இடம்) சுமார் இரண்டரை நிமிடம். பொலேரோ தாளத்தில் மெல்லத் தொடங்கி உச்சத்தில் முடிகிறது, திரும்ப வரும் கோரஸ்கூடக் கிடையாது. மயக்கம் முழுக்க அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. நீளம் கூடிவிட்டால் வெட்டத் தயங்காதீர்கள். டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' ஆல்பத்தில் ஏறக்குறைய ஏழு நிமிடம். ஆர்கன், கிடார் சோலோக்களை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிய சிங்கிள்தான் 1967இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

பாட்டு முடிந்தபின், எஃபெக்ட் வர வேண்டிய ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரஸ் முடிந்து வரும் இரண்டு அல்லது நான்கு பார்கள் (தாளச் சுற்றுகள்) நல்ல இடம்.

ஃப்ளாஞ்சிங்

ஒரே ஒலிப்பதிவை இரண்டு டேப் மெஷின்களில் ஒன்றாக ஓட்டி, ஒன்றைச் சற்றே தாமதப்படுத்தினால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல்போகும். தாமதம் 1 மில்லி விநாடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளங்கள் விழும். தாமதம் மாற மாற இந்தப் பள்ளங்கள் நகரும். ஜெட் விமானம் கடந்துபோவது போன்ற அந்த ஒலி இப்படித்தான் பிறக்கிறது. உண்மையான சுகம், பின்தங்கிய மெஷின் முன்னே போனதைப் பிடித்துத் தாண்டும் கணத்தில் இருக்கிறது. சாதாரண ஃப்ளாஞ்சர் பெடலில் அந்தத் தாண்டல் கிடைக்காது, ஏனென்றால் அதில் மூல ஒலிக்குத் தாமதமே இல்லை.

ரெக்கார்டிங் மென்பொருளில் செய்யும் முறை இது. டிரம்ஸ் முழுவதையும் ஒரே ஆடியோவாக எடுத்து இரண்டு டிராக்குகளில் வையுங்கள். முதல் டிராக்கில் 5 மில்லி விநாடி நிலையான தாமதம். இரண்டாவதில் தாமதத்தை 10இலிருந்து 0 வரை ஆட்டோமேஷன் கோடாக (நேரம் போகப் போக அளவை மாற்றும் கோடு) கையால் வரையுங்கள். கோடு 5ஐக் கடக்கும் புள்ளி ஒரு பாரின் முதல் அடியில் விழட்டும். இரண்டு டிலேக்களிலும் (தாமதம் தரும் எஃபெக்ட்) மூல ஒலி பூஜ்ஜியம், தாமத ஒலி நூறு சதவீதம், ஃபீட்பேக் (தாமத ஒலி மறுபடி உள்ளே சுழல்வது) பூஜ்ஜியம்.

இதில் சறுக்கும் இடங்கள் பல. இரண்டு டிராக்கின் அளவும் சமமாக இருக்க வேண்டும். 3 டெசிபெல் வித்தியாசம் இருந்தாலே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் 15 டெசிபெல்தான் தேறும், சுழல் மங்கிவிடும். இரண்டையும் நடுவிலேயே வையுங்கள். இடது, வலது என்று பிரித்துவிட்டால் ஒலி அகலமாகுமே தவிர பள்ளம் சரியாக விழாது. தாமதத்தை நகர்த்தும்போது கடகடவென்று சத்தம் வந்தால் உங்கள் டிலே படிப்படியாகத் தாவுகிறது என்று அர்த்தம். டேப் மாதிரி வழுக்கும் வகைக்கு மாற்றுங்கள். கடக்கும் புள்ளியில் ஒலியே அற்றுப்போனால் ஒரு டிராக்கின் போலாரிட்டி (ஒலி அலையின் மேல்-கீழ் திசை) தலைகீழாக இருக்கிறது.

பேஸ் கிடாரை இதில் சேர்க்காதீர்கள். 5 மில்லி விநாடி வித்தியாசத்தில் முதல் பள்ளம் 100 ஹெர்ட்ஸில் விழுந்து பாட்டின் அடித்தளத்தையே தின்றுவிடும். சிம்பல் நிறைய இருக்கும் பகுதியில் எஃபெக்ட் பளிச்சென்று கேட்கும். அகன்ற அலைவரிசை இருந்தால்தானே பள்ளம் நகர்வது தெரியும்!

பின்னோக்கி ஓடும் கிடார்

எலக்ட்ரிக் ப்ரூன்ஸின் 'ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம்' (1967 தொடக்கத்தில் அமெரிக்காவில் 11ஆம் இடம்) பாட்டைத் திறக்கும் ரீங்காரம் பின்னோக்கி ஓடும் கிடார்தான். வாசித்த சோலோவை அப்படியே திருப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்வரங்கள் கார்டுகளோடு மோதும். பின்னணியைத்தான் முதலில் திருப்ப வேண்டும்.

சோலோ வரும் பகுதியை ஆடியோவாக மாற்றுங்கள். ஸ்வரக் குறிப்புகளை மட்டும் வைத்திருக்கும் மிடியைத் திருப்பினால் ஸ்வர வரிசை மட்டுமே மாறும், ஒலி திரும்பாது. பகுதியின் முடிவில் நான்கு கிளிக்குகள் சேர்த்துவிட்டுத் திருப்புங்கள். அந்தக் கிளிக்குகள் இப்போது உங்களுக்கு எண்ணிக்கை கொடுக்கும். சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற வரிசை ஜி, எஃப், ஏ மைனர், சி என்று வரும். இதைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிய டிரம்ஸ் ஒவ்வோர் அடியிலும் வீங்கி வந்து சட்டென்று வெட்டுப்படும். அந்த வெட்டில் தந்தியை மீட்டுங்கள். திரும்பத் திருப்பும்போது ஸ்வரம் உப்பி வந்து சரியாக அடியில் முடியும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் குறைந்தது ஓர் அடி நீட்டுங்கள், ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரைத் தாராளமாக வையுங்கள். நீட்சி போதாவிட்டால் உப்பல் கேட்காது, 'டக்' மட்டும்தான் மிஞ்சும். மேலே ஏறுவதுபோல் கேட்க வேண்டுமானால் இறங்கி வாசிக்க வேண்டும். வேகமான வாசிப்பு இங்கே எடுபடாது. ஆறேழு நீண்ட ஸ்வரங்களே அழகு.

நடுங்கும் குரல்

டாமி ஜேம்ஸ் அண்ட் த ஷாண்டெல்ஸின் 'கிரிம்சன் அண்ட் க்ளோவர்' 1969 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் கடைசிப் பகுதியில் குரலை ட்ரெமோலோ (ஒலி அளவைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) உள்ள கிடார் ஆம்ப் வழியாக அனுப்பி எடுத்திருக்கிறார்கள். ட்ரெமோலோவின் வேகம் பாட்டின் தாளத்தோடு ஒட்ட வேண்டும். டெம்போவை 60ஆல் வகுத்து, ஓர் அடிக்கு எத்தனை துடிப்பு என்பதால் பெருக்குங்கள். 108 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 108 அடி) அடிக்கு இரண்டு துடிப்பு என்றால் 3.6 ஹெர்ட்ஸ், நான்கு என்றால் 7.2. ஆழம் 80 சதவீதத்துக்குக் குறைய வேண்டாம்.

எஃபெக்ட்களின் வரிசை முக்கியம்: கம்ப்ரெஸர், ரிவெர்ப், கடைசியாக ட்ரெமோலோ. கம்ப்ரெஸர் பின்னால் வந்தால் தாழ்ந்த இடங்களைத் தூக்கி நடுக்கத்தைக் குறைக்கும், ரிவெர்ப் பின்னால் வந்தால் இடைவெளிகளை நிரப்பிவிடும். சொற்கள் புரியவில்லை என்றால் துடிப்பின் உச்சம் அசைகளின் தொடக்கத்தில் விழும்படி நகர்த்துங்கள். நீண்ட உயிரொலி உள்ள, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கே இது பொருந்தும்.

வேகம், லெஸ்லி, ஃபஸ்

ஒலிப்பதிவின் வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் மாற்றினால் சுருதி அரை ஸ்வரம் நகரும். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' (1967, பிரிட்டனில் 2ஆம் இடம்) வேறு வேறு வேகமும் சுருதியும் கொண்ட இரண்டு பதிவுகளை இப்படிச் சரிகட்டி, ஒரு நிமிடத்தை ஒட்டிய இடத்தில் இணைத்தது. உங்கள் பாட்டு 120 பிபிஎம் என்றால் டிரம்ஸையும் கிடாரையும் அரை ஸ்வரம் மேலே 127இல் வாசித்து 120க்கு இறக்குங்கள். ஒலி கனத்து மந்தமாகும். சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரில் மெதுவான சுழற்சி விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவு, வேகமானது ஆறேழு. வேகம் மாறும் கணத்தை ஒரு வரியின் முடிவில் வையுங்கள். மேல் ஹார்ன் சீக்கிரம் வேகம் பிடிக்கும், கீழ் டிரம் நிதானமாகத்தான் வரும். மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே வேகம் வைத்தால் செயற்கையாகக் கேட்கும். கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலான ஃபஸ் ஃபேஸின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வகையைக் கிடாருக்கு அடுத்து நேராகச் செருகுங்கள். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் இருந்தால் கிடாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் குணம் போய்விடும்.

கடைசியில் மிக்ஸை மோனோவுக்கு மாற்றி ஒரு சிறிய ஸ்பீக்கரில் கேளுங்கள். அந்தக் காலத்து சிங்கிள்கள் ஏஎம் ரேடியோவில் இப்படித்தான் ஒலித்தன. இடது வலது ஆட்டத்தை நம்பிச் செய்த எஃபெக்ட் மோனோவில் காணாமல்போகும். அப்படிப் போனால் ஒலியைக் கூட்டிப் பார்க்காதீர்கள். அதை எடுத்துவிட்டு, மேலே சொன்னவற்றில் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள்.