பி.டி.பி. யூனிட்டை விற்கும்போது தேங்கிய நஷ்டத்தைத் தவறவிடாதீர்கள்

அமெரிக்காவில் எண்டர்பிரைஸ் ப்ராடக்ட்ஸ், எனர்ஜி டிரான்ஸ்ஃபர் போன்ற பைப்லைன் நிறுவனங்களின் யூனிட்டுகளைச் சாதாரணப் பங்கு என்று நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். சந்தையில் பங்கு மாதிரியே கைமாறினாலும் சட்டப்படி அவை சந்தையில் கைமாறும் பார்ட்னர்ஷிப் (பப்ளிக்லி டிரேடட் பார்ட்னர்ஷிப்), சுருக்கமாக பி.டி.பி. பார்ட்னர்ஷிப்பின் லாப நஷ்டத்தில் உங்கள் பங்கைக் காட்டும் கே-1 படிவம் வருடா வருடம் வரும். அதில் காட்டும் நஷ்டத்தைச் சம்பளத்திலோ, வீட்டு வாடகை வருமானத்திலோ, இன்னொரு பி.டி.பி.யின் லாபத்திலோ கழிக்க முடியாது. வரிச்சட்டத்தின் 469(கே) பிரிவுப்படி, அது அதே பி.டி.பி.யின் பிற்கால லாபத்துக்காகத் தேங்கிக் கிடக்கும். யூனிட்டுகளை மொத்தமாக விற்று வெளியேறும் வருடத்தில்தான் மிச்சமெல்லாம் விடுபடும். அப்போது சம்பளத்தில்கூடக் கழிக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது அந்த வருடத்தில்தான். தேங்கிய நஷ்டத்தைப் பேசிவ் நஷ்டத்துக்கான (நீங்கள் நேரடியாக நடத்தாத தொழிலில் வரும் நஷ்டம்) பழைய 8582 படிவத்தில் தேடினால் கிடைக்காது, பி.டி.பி. கணக்கு அதில் சேர்வதில்லை. ஒவ்வொரு பி.டி.பி.க்கும் தனி ஏடு வேண்டும். வரி மென்பொருளையோ சி.பி.ஏ.வையோ (கணக்காளர்) மாற்றும்போது அந்த ஏடு சத்தமில்லாமல் தொலைந்துபோகும். அப்படித் தொலைந்திருந்தால் முதல் வருடத்திலிருந்து எல்லா கே-1-களையும், தாக்கல் செய்த பழைய ரிட்டர்ன்களையும் எடுத்து வைத்துத் திரும்பக் கட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் விட்டால் போவது உங்கள் பணம்.

அடுத்தது, புரோக்கர் அனுப்பும் 1099-பி என்ற விற்பனைக் கணக்குத் தாளை அப்படியே நம்புவது. ஒரு கணக்கைப் பாருங்கள். 20,000 டாலருக்கு வாங்கினீர்கள். பல வருடங்களில் 9,000 டாலர் டிஸ்ட்ரிபியூஷன், அதாவது நிறுவனம் பிரித்துக் கொடுக்கும் பணம், கைக்கு வந்தது. 6,000 டாலர் நஷ்டம் தேங்கியது. இப்போது 18,000 டாலருக்கு விற்றாயிற்று. புரோக்கர் தாளில் 2,000 டாலர் நஷ்டம் என்று இருக்கலாம். உண்மையில் டிஸ்ட்ரிபியூஷனும் நஷ்டமும் உங்கள் அடக்க விலையை 5,000 டாலராகக் குறைத்துவிட்டன, ஆகவே லாபம் 13,000. இதில் தேய்மானம் முதலியவற்றால் வந்த பகுதி, 8,000 என்று வைத்துக்கொள்வோம், சாதாரண வருமானம். அது 4797 படிவத்துக்குப் போகும். மீதி 5,000 மூலதன ஆதாயம், 8949 படிவத்தில் வரும். இந்தப் பிரிப்பு, கே-1-உடன் வரும் விற்பனை அட்டவணையில் இருக்கும். பலர் அந்தத் தாளைப் புரட்டுவதே இல்லை.

தேங்கிய 6,000 டாலர் அடக்க விலையை ஏற்கெனவே குறைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதைக் கழிக்க மறந்தால், காணாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். சரிபார்க்க எளிய வழி உண்டு: விற்ற 18,000, கைக்கு வந்த 9,000, இரண்டையும் கூட்டி, போட்ட 20,000-ஐக் கழித்தால் 7,000. ரிட்டர்னிலும் 13,000-இல் 6,000 போக 7,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு.

சில நேரம் சாதாரண வருமானப் பகுதி மொத்த லாபத்தையே தாண்டிவிடும். அப்போது மறுபக்கம் மூலதன நஷ்டம் வரும். வேறு மூலதன ஆதாயம் இல்லாவிட்டால் அதில் வருடத்துக்கு 3,000 டாலர்தான் கழியும். விடுபடும் தேங்கிய பேசிவ் நஷ்டத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாதியை மட்டும் விற்றால் பூட்டு திறக்காது. அந்த விற்பனையில் வந்த லாபத்தின் அளவுக்குத் தேங்கியதைக் கழிக்கலாம், மீதி காத்திருக்கும். டிஸ்ட்ரிபியூஷனை மறுமுதலீடு செய்ததில் சேர்ந்த சில யூனிட்டுகள் இன்னொரு கணக்கில் மிஞ்சியிருந்தாலும் இதே கதைதான். விற்குமுன் எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மென்பொருளில் 'முழுவதும் விற்றாயிற்று' என்ற கட்டத்தைத் தட்டவும் மறக்க வேண்டாம். அது விட்டுப்போனால் நஷ்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டுவிடும்.

கூடப் பிறந்தவருக்கோ பிள்ளைக்கோ விற்றால், அவர் வெளியாருக்கு விற்கும்வரை உங்கள் நஷ்டம் விடுபடாது. அன்பளிப்பாகக் கொடுத்தால் அது பெற்றவரின் அடக்க விலையில் சேர்ந்துவிடும், நீங்கள் கழிக்க முடியாது.