பொதுக்கூட்டத்தில் ஒரு விவாதத்தை முறையாக முடித்துவைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றாலே, கணக்கறிக்கை வாசிக்கப்பட்டதும் திருவிழாச் செலவு பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போவது வழக்கம். தலைவர் அதை நிறுத்தினால் வாயை அடைக்கிறார் என்ற கோபம் எழும். நிறுத்தாவிட்டால் பலர் எழுந்து போய்விட, வாக்கெடுப்புக்குத் தேவையான ஆள் இருக்காது.

சொன்னதையே திரும்பச் சொல்லும்போதும், பந்தல் கணக்கில் தொடங்கிய பேச்சு ஒருவரின் குடும்ப விவகாரத்துக்குத் தாவும்போதும், விஷயம் நீதிமன்றத்தில் இருக்கும்போதும் விவாதத்தை முடிப்பதே நியாயம். கேள்வி தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒருபோதும் காரணமாகாது.

முடிப்பதற்கு முன், இதுவரை வாய் திறக்காதவர்களிடம், அதிலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களிடம், மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு, “இன்னும் இருவர் பேசலாம், அதன்பின் வாக்கெடுப்பு” என்று அறிவியுங்கள். எதிர்ப்பு வந்தால், விவாதத்தை முடிக்கலாமா என்பதையே முதலில் வாக்குக்கு விடுங்கள். இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நடைமுறை பல அமைப்புகளில் இருப்பது, சிறுபான்மையினரின் குரல் எளிதில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் சங்க விதிகள் என்ன சொல்கின்றன என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை, முடித்ததன் காரணம் ஆகியவற்றைச் செயலாளர் அங்கேயே குறிப்பேட்டில் எழுதவேண்டும். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குச் சென்றாக வேண்டும் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய ஆதாரம் கிடைத்தால் அடுத்த கூட்டத்துக்கு எழுத்துமூலம் தீர்மானம் அனுப்பலாம் என்பதையும் எல்லாரும் கலையும் முன்பே சொல்லிவிடுங்கள்.