சரக்குல செம்பு இருக்கான்னு கார்பன் டாட் வச்சுப் பார்க்கிறது எப்படி

பிரேசில்ல கரும்புச் சாறுல காய்ச்சுற கஷாசா இருக்கே, அதை பாரம்பரிய முறையில செம்புப் பானையில காய்ச்சுவாங்க, கந்தக வாடையை செம்பு இழுத்துக்கும். ஆனா பானையைக் கழுவாம போட்டு வச்சா உள்ள பச்சைக் களிம்பு பிடிச்சு, அடுத்த தடவை காய்ச்சுறப்ப கரைஞ்சு சரக்கோடவே வந்துரும். அங்க சட்டப்படி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல செம்பு இருக்கக்கூடாது. காலேஜ் லேப்ல ஃப்ளோரோமீட்டர் (ஒளிர்றதை அளக்குற கருவி) ஒண்ணு இருந்தா, கார்பன் டாட், அதாவது யூவி பட்டா ஒளிர்ற நானோ அளவு கார்பன் துகள், வச்சு இதை நாமளே அளக்கலாம்.

மொதல்ல டாட் செய்யணும். சிட்ரிக் ஆசிட் 1 கிராம், கிளை பிரிஞ்ச பாலிஎத்திலீன்இமின் (அமீன் நிறைஞ்ச பாலிமர்) அரை கிராம், ரெண்டையும் 10 மில்லி வெந்நீர்ல கரைச்சு ஃப்யூம் ஹூட்டுக்குள்ள வச்சு 200 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ சூடு பண்ணுங்க, தண்ணி வத்தி இளமஞ்சள் ஜெல்லா வரும், கருகுறதுக்குள்ள துளித்துளியா தண்ணி விட்டு மறுபடி வத்த விடணும், இப்படியே ஒரு மூணு மணி நேரம். அப்புறம் சிலிகா நிரப்புன குழாய் (column) வழியா விட்டு சுத்தம் பண்ணிட்டு யூவி லைட்டுல காட்டுனா நீலமா ஜொலிக்கும் (யூவி தடுக்குற கண்ணாடி போடாம பார்க்காதீங்க). டாட் மேல இருக்குற அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி), செம்பை இறுக்கிப் பிடிச்சுக்கும், அப்ப அந்த நீலம் மங்கும். எவ்வளவு மங்குதோ அதுதான் நம்ம கணக்கு.

நிறைய பேர் கோட்டை விடுறது அடுத்த இடத்துலதான். சரக்கை அப்படியே டாட்டுல ஊத்திராதீங்க, அதுல 40 சதவீதம் ஆல்கஹால், மரப்பீப்பாய்ல வச்சதா இருந்தா நிறம் வேற, செம்பே இல்லைன்னாலும் ஒளி மாறிரும். 100 மடங்கு தண்ணி கலங்க. ஆல்கஹால் 0.4 சதவீதத்துக்கு வந்துரும், 5 மில்லிகிராம் செம்பும் 0.8 மைக்ரோமோலார் பக்கம் இறங்கிரும், இந்த டாட் ஒழுங்கா அளக்கிறதும் ஏறக்குறைய அந்த அளவு வரைக்கும்தான். பிளாங்க்குக்கு (செம்பே இல்லாம ஒப்பிட்டுப் பார்க்குற கரைசல்) வெறும் தண்ணி வேண்டாம், அதே 0.4 சதவீத சுத்தமான எத்தனால், சாம்பிளுக்குப் போடுற அதே பஃபர்ல (pH மாறாம வைக்கிற கரைசல்) எடுங்க. சாம்பிள்லயே தெரிஞ்ச அளவு செம்பைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து கிராஃப் போட்டா இன்னும் நம்பலாம்.

மங்குனது செம்பாலதானான்னு சந்தேகமா? ஈடிடிஏ (EDTA, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற ரசாயனம்) ரெண்டு சொட்டு விடுங்க, அது செம்பைப் பிடுங்கிக்கும், நீலம் திரும்பி வரணும். வரலைன்னா வேற ஏதோ குறுக்க வருதுன்னு அர்த்தம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. 2024ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல உயிரை எடுத்தது மெத்தனால், அதை இந்த டாட் கண்டுபிடிக்காது. அதுக்கு கேஸ் குரோமட்டோகிராஃபி (ஆவியாக்கிப் பிரிச்சுப் பார்க்குற லேப் டெஸ்ட்)தான், அதனால இதுல பாஸ் ஆன சரக்கை குடிக்கலாம்னு யாருக்கும் சொல்லிறாதீங்க.