மலிவு டிவிடி பிளேயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், உள்ளே முழுக்க டிவிடி, விசிடித் தட்டுகள். அக்காவின் கல்யாணம், தம்பி மகளின் காதுகுத்து, தோட்டத்துக் கோவில் திருவிழா, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, இடிப்பதற்கு முன்பு யாரோ எடுத்து வைத்த படம். புதுப் படம் பார்க்க இன்று யார் டிவிடி பிளேயர் வாங்கப் போகிறார்கள்? இந்த டின்னில் இருப்பதைப் பார்க்கத்தான் வாங்குகிறோம். அம்மாவுக்காக நானும் அப்படித்தான் டவுனில் ஒன்று வாங்கினேன்.

அன்று நான் செய்த பெரிய தவறு, கடைக்கு வெறுங்கையோடு போனது. கடைப் பையன் அவனிடம் இருந்த ஒரு சினிமாத் தட்டைப் போட்டு, "பாருங்கக்கா, எவ்வளவு கிளியரா இருக்கு" என்றான். உண்மையிலேயே கிளியராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவின் கல்யாணத் தட்டைப் போட்டதும் சுற்றியது, சுற்றியது, கடைசியில் தட்டே இல்லை என்று திரையில் காட்டியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் துடைத்து டின்னில் வைத்துவிட்டார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

காரணம் இதுதான். கடையில் போட்டுக் காட்டுவது ஆலையில் அச்சடித்த தட்டு. அதில் படம் பிளாஸ்டிக்கிலேயே சிறு சிறு குழிகளாகப் பதிந்திருக்கும். கல்யாணப் படம் எடுத்தவர் கொடுத்தது கணினியில் எழுதிய தட்டு. அதில் லேசர் ஒருவகைச் சாயத்தைச் சுட்டுத்தான் படத்தைப் பதிக்கிறது. திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஊதா நிறம் அடிக்கும். வருஷம் ஆக ஆக, நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தச் சாயம் மங்குகிறது. நல்ல பிளேயர் தட்டுத் தடுமாறியாவது அதைப் படித்துவிடும், லேசர் மட்டமான பிளேயர் கைவிட்டுவிடும்.

அதனால் வீட்டில் இருப்பதிலேயே பழைய, கீறல் விழுந்த கல்யாணத் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே ஒரு விசிடியும், அதாவது படம் பதிந்த சிடியும், எடுத்துப் போங்கள். டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு, சிடியையும் விசிடியையும் படிக்கும் லேசர் வேறு. முன்னது 650 நானோமீட்டர், பின்னது 780. ஒன்று நன்றாக வேலை செய்து மற்றொன்று சொதப்பும் பிளேயர்கள் உண்டு. கடையில் போட்டுப் பார்க்கும்போது முதல் நிமிஷத்தோடு நிறுத்தாதீர்கள். தட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் ஓடுகிறது, தாலி கட்டும் இடத்தைத் தாண்டி விருந்து வரைக்கும் ஓட்டிப் பார்த்தால்தான் ஓரம் படிக்கிறதா என்று தெரியும். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று சொல்லும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

சில தட்டுகள் எந்தப் பிளேயரிலும் ஓடாது. ரெக்கார்டரில் பதிந்துவிட்டுக் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்றப் பிளேயர்களிலும் ஓடும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருந்தால், அந்த ரெக்கார்டரைத் தவிர மற்றவற்றில் ஓடுவது சந்தேகம்தான். அதற்காகப் புதுப் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கம்பி. கடைக்குக் கிளம்பும் முன் வீட்டு டிவியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு பிளேயர்களில் பலவற்றுக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று ஏவி துளைகள் மட்டும்தான் இருக்கும். புது டிவிகள் சிலவற்றில் அந்த மூன்றும் இல்லை. எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும், இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளை மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குத் தனிக் கம்பி வேண்டும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மூன்று நிறம் என்று ஒரு கம்பி மலிவாகக் கிடைக்கும். அதை மட்டும் வாங்காதீர்கள். ஏவி அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல்; வெறும் கம்பி ஒன்றை மற்றொன்றாக மாற்றாது. மின்சாரம் கொடுத்து இயக்கும் சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். அதிலும் திசை உண்டு. பிளேயரில் ஏவி, டிவியில் எச்டிஎம்ஐ என்றால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று, படம் கறுப்பு வெள்ளையில் வருகிறதா? பட்டுப் புடவை சாம்பலாகத் தெரிந்ததும் பிளேயர் கெட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிவிக்குப் படமும் நிறமும் அனுப்பும் முறை ஊருக்கு ஊர் வேறு: மலேசியாவிலும் இந்தியாவிலும் பால் (PAL) முறை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி (NTSC). பிளேயர் என்டிஎஸ்சியில் அனுப்பினால் பழைய டிவியில் இது இடிக்கும். ரிமோட்டில் செட்டப் போய் டிவி வகையைப் பால் என்றோ ஆட்டோ என்றோ மாற்றினால் பெரும்பாலும் நிறம் வந்துவிடும். ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிந்தால் அதே இடத்தில் 4:3, 16:9 என்று இருப்பதை மாற்றுங்கள். இந்த மெனு ரிமோட்டில்தான் இருக்கிறது, பிளேயரின் முகப்பில் இரண்டு மூன்று பொத்தான்களுக்கு மேல் இராது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ரிமோட் இல்லாததைத் தொடாதீர்கள்.

கடைத் தட்டுகளுக்கு எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டல எண் உண்டு. மலேசியா 3, இந்தியா 5. சென்னைக்குப் போனபோது வாங்கிவந்த அசல் தட்டின் பின்னால் உருண்டை உலகப் படத்துக்குள் 5 என்று இருந்தால், 3 மட்டும் ஏற்கும் பிளேயர் அதை மறுத்துவிடும். எல்லா மண்டலமும் ஓடும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கல்யாணத் தட்டுக்கும் விசிடிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டியில் 1080 என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நம் ஊர் டிவிடியில் இருப்பதே 576 வரிகள்தான். யூஎஸ்பி துளையும் அப்படித்தான். எம்பெக்-4 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கைப்பேசியில் எடுத்த எம்பி4 படம் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள், பல பிளேயர்களில் ஓடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் சில பிளேயர்களில் இரண்டு முள் பிளக் இருக்கும். நம் வீடுகளில் பேனாவை மேல் துளையில் குத்தி அதைச் செருகும் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். சிரிம் (SIRIM) என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை உள்ள மூன்று முள் பிளக்கோடு வருவதையே வாங்குங்கள். 110 வோல்ட் மட்டும் என்று பின்னால் எழுதியிருந்தால் நம் சுவரில் மாட்டவே கூடாது. இடி இடிக்கும் மாலைகளில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ரிசீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டி அட்டையில் கடைச் சாப்பும் (முத்திரையும்) தேதியும் போட்டு வாங்குங்கள். மலிவுப் பொருள்தானே என்று விடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மலிவுப் பொருளுக்கும் பொருந்தும். கடை கையை விரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அப்புறம், புதுப் பிளேயர் தட்டைப் படித்துவிட்டால் அத்தோடு டின்னை மூடிவிடாதீர்கள். டிவிடி டிரைவ் உள்ள கணினி வைத்திருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், அதே வாரம் கூப்பிடுங்கள். டிவிடியில் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரையும், விசிடியில் எம்பெக்ஏவி ஃபோல்டரில் உள்ள, .dat என்று முடியும் ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அக்காவின் தட்டு இரண்டாவது பிளேயரில் ஓடிய அன்றே நாங்கள் எடுத்துவைத்தோம். அதில்தான் அப்பா மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்கிறார்.