குதிகால் வலி: உங்களுக்கு எது காரணம் என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று குத்தும். நாலு அடி நடந்தால் குறையும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களிடம் அதிகம் காணப்படும் இந்த வலியை மருத்துவர்கள் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பார்கள்.

வலி வந்ததும் எல்லோரும் தேடுவது மருந்தைத்தான். ஜெல் வைத்த குதிகால் மெத்தை, உருட்டும் பந்து, கடைசியில் ஊசி. இந்த வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம். ஒருவருக்குக் கெண்டைக்கால் இறுக்கம் காரணமாக இருக்கும், இன்னொருவருக்கு நாள் முழுக்க நிற்கும் வேலை. இருவருக்கும் ஒரே மெத்தையைக் கொடுத்து என்ன பயன்? அதனால் முதலில் காரணத்தைத் தேடுவோம். ஓர் அளவு நாடா, வெறுஞ்சுவர், எடை பார்க்கும் கருவி, ஒரு நோட்டு போதும்.

தொடங்கும் முன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். குதிகால் எலும்பின் அடியில், சற்று உள்பக்கமாக, ஒரு தடித்த நார்ப்பட்டை தொடங்கி விரல்களின் அடிவரை ஓடுகிறது. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன அல்லவா, அப்போது உருளையில் கயிறு சுற்றுவதுபோல இந்தப் பட்டை இழுபட்டுப் பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-லேயே இதை விளக்கிவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் இழுபடும் பட்டை அது. தாங்கும் சக்தியைவிடச் சுமை அதிகமானால் எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் நார்கள் சிதையத் தொடங்கும். வயது ஏற ஏறப் பட்டையின் நெகிழ்வும் குதிகால் அடியிலுள்ள கொழுப்பு மெத்தையின் நெகிழ்வும் குறைவதால், இளம் வயதில் தாங்கிய சுமையே நடுவயதில் தாங்காமல் போகலாம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சுமையைக் கூட்டுவது எது என்ற கேள்விதான்.

படி 1: வலி அங்கேதானா?

உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் விரல்களை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, மறுகைக் கட்டைவிரலால் குதிகாலின் அடியில் உள்பக்க ஓரத்தை அழுத்துங்கள். "அங்கேதான்!" என்று சொல்லவைக்கும் ஒரு புள்ளி அகப்பட்டால், மேலே சொன்ன காலை வலியும் சேர்ந்திருந்தால், நாம் பேசும் வலி அநேகமாக இதுதான்.

வலி குதிகாலின் நட்டநடுவில் இருந்து, கடினமான தரையில் வெறுங்காலோடு நடந்தால் மட்டும் கூடுகிறதென்றால் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது கடுமையாக வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்க வாய்ப்புண்டு.

இந்தச் சோதனைகளை இத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இரவிலும் வலிப்பவர்கள், காய்ச்சலோ சிவந்த வீக்கமோ உள்ளவர்கள், கீழே விழுந்தபின் வலி வந்தவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள், இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் நெடுநேரம் முதுகு விறைப்பும் உள்ளவர்கள். மருத்துவர் பார்க்கும்வரை இவர்கள் அடுத்த படிகளுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

படி 2: சமீபத்தில் என்ன மாறியது?

வலி தொடங்கியதற்கு முந்தைய சில மாதங்களை நினைத்து நோட்டில் எழுதுங்கள். திடீரென்று நீண்ட நடைப்பயிற்சி, ஓட்டம், மாடிப்படி? புதிய வேலை? வீடு மாறிப் புதிய தரை? எடை கூடியதா? வெகுநாள் ஓய்வுக்குப் பின் ஒரே மூச்சில் பழைய வேகத்துக்குத் திரும்பினீர்களா? நல்ல எண்ணத்தில் தொடங்கிய உடற்பயிற்சியே பலருக்கு வினையாகியிருக்கும். அதை விடச் சொல்லவில்லை, வேகத்தைக் குறைத்து மெல்ல ஏற்றினால் போதும்.

படி 3: கெண்டைக்கால் இறுக்கத்தை அளப்பது

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பலரும் கவனிக்காத காரணம் இதுதான்.

சுவரைப் பார்த்து வெறுங்காலோடு நில்லுங்கள். சோதிக்கும் காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். குதிகால் தரையிலேயே இருக்க வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடி முயலுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும் கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். மற்றக் காலிலும் செய்யுங்கள். சுமார் 10 செ.மீ.க்குக் குறைவென்றால் கணுக்கால் போதுமான அளவு மடியவில்லை என்று கொள்ளலாம். முழங்கால் உள்பக்கம் சரிந்தாலோ பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ அளவு பொய்யாக அதிகம் காட்டும். பெருவிரலையும் முழங்காலையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலை மடக்கும்போது கெண்டைக்காலின் மேல்தசை தளர்ந்துவிடுவதால் இன்னொரு சோதனையும் வேண்டும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடக்காமல் பாதத்தை உங்களை நோக்கி இழுங்கள். பாதம் முழங்காலுக்குக் கீழுள்ள காலோடு செங்கோணத்தைத் தாண்டி வரவில்லை என்றால் அந்தத் தசை இறுகியிருக்கிறது. இறுகிய தசை குதிகால் எலும்பைப் பின்னாலிருந்து மேலே இழுக்க, உள்ளங்கால் பட்டைமேல் இழுவை கூடுகிறது.

2003-ல் வெளியான ஓர் ஆய்வில் குதிகால் வலியுள்ள 50 பேரையும் வலியில்லாத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். கணுக்கால் செங்கோணத்தைத் தாண்டி மடியாதவர்களுக்கு, 10 டிகிரிக்கு மேல் மடிந்தவர்களைவிட இந்த வலிக்கான வாய்ப்பு சுமார் 23 மடங்காக இருந்தது. அந்த 23-ஐ அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். சிறிய ஆய்வு அது. வலி வந்தபின் காலை முழுதாகப் பயன்படுத்தாததால் இறுக்கம் வந்திருக்கவும் கூடும். எது முந்தியதாக இருந்தாலும், தளர்த்த முடிந்த காரணம் இது.

படி 4: எடை

கிலோவில் உங்கள் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. 78 கிலோ எடையும் 1.62 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு 29.7 வரும். மேலே சொன்ன ஆய்வில் பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்களுக்கு, 25 வரை இருந்தவர்களைவிட வாய்ப்பு ஐந்தரை மடங்குக்கும் சற்று அதிகம். ஓட்டக்காரர்களிடம் எடைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு தெளிவாக இல்லை.

"எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்ற ஒற்றை வரியோடு அனுப்பப்பட்டவர்களின் எரிச்சல் நியாயமானது. நடக்கவே வலிக்கும்போது நடந்து எடை குறைப்பது எப்படி? நீச்சல், சைக்கிள் போலக் குதிகாலில் அடிபடாத பயிற்சியில் தொடங்கலாம். எடை மெல்லத்தான் இறங்கும், அதுவரை மற்றக் காரணங்களைக் கவனியுங்கள்.

படி 5: நிற்கும் நேரமும் தரையும்

ஒரு வேலைநாளில் எத்தனை மணி நேரம் காலில் நிற்கிறீர்கள் என்று குறியுங்கள். வீட்டு வேலைக்காக நிற்பதையும் சேர்க்க மறக்காதீர்கள், பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வேலைநாளின் பெரும்பகுதியை நின்றே கழிப்பவர்களுக்கு அதே ஆய்வில் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. நிற்பதைக் குறைக்க முடியாதவர்கள் நடுநடுவே சில நிமிடம் உட்காரலாம், நிற்கும் இடத்தில் மெத்தென்ற விரிப்புப் போடலாம், மெல்லிய தட்டையான செருப்புக்குப் பதில் குதிகாலைத் தாங்கும் காலணி அணியலாம்.

படி 6: பாத அமைப்பு

தட்டைப் பாதம், அதிக வளைவுள்ள பாதம் இரண்டையுமே பலர் குற்றம் சொல்வார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. கவனித்து எழுதிவிட்டு மேலே போங்கள்.

படி 7: எக்ஸ்ரேயில் தெரியும் முள்

ஏற்கெனவே எக்ஸ்ரே எடுத்து "எலும்பு முள் வளர்ந்திருக்கு" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத ஏராளமானவர்களின் குதிகாலிலும் இந்த முள் இருக்கிறது. முள்தான் குத்துகிறது என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதை எடுத்தால்தான் வலி தீரும் என்பதில்லை.

படி 8: ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் உள்ளதில் மாற்ற முடியாதவற்றை, அதாவது வயது, பாத அமைப்பு போன்றவற்றை, அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் பெரியதாகத் தெரியும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

இறுக்கம் வந்திருந்தால் சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. அதோடு, காலையில் முதல் அடி வைக்கும் முன்பே விரல்களை மேல்நோக்கி இழுத்து 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை, நாளுக்கு 3 வேளை.

வலு குறைவு என்று தோன்றினால், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தலாம். ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்குங்கள். 2014-ல் வெளியான ஆய்வில் இதைச் செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கக்கூடும். பட்டை அறுந்துபோகும் அபாயமும் கொழுப்பு மெத்தை மெலியும் அபாயமும் அதற்கு உண்டு என்பதால், மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தபின் முடிவெடுங்கள்.

ஆறு வாரம் கழித்துப் படி 3-ன் சுவர் அளவை மறுபடி எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அளவு கூடியும் வலி அசையவில்லை என்றால், அந்த நோட்டோடு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.