தோள் இறங்கிய ஸ்வெட்டர்

மூணாறில் டிசம்பர் வந்துவிட்டால் ஸ்வெட்டர் இல்லாமல் ஆகாது. எனக்குக் கச்சிதமாக வந்த, நெஞ்சளவு 34 இஞ்ச் ஸ்வெட்டரை மதினிக்கு 42-ஆகப் பின்னினேன். எல்லா எண்ணிக்கையையும் ஒன்றே காலால் பெருக்கினேன், அவ்வளவுதான். நெஞ்சு சரி, தோள் மேல்கைக்கு இறங்கிவிட்டது. "கோணிப்பையா பின்னுன?" என்றார் மதினி.

எங்கள் இருவரையும் அளந்து பார்த்தால், அவருக்கு நெஞ்சில் 8 இஞ்ச் கூடின இடத்தில் தோளில் ஒன்றரை இஞ்ச்தான் கூட.

அவிழ்த்தேன். சின்னத் துண்டு ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்து எண்ணினேன்: இஞ்சுக்கு 5 கண்ணி, அதாவது ஊசியில் விழும் வளையம். (துவைக்காமல் எண்ணினால் உல்லன் ஏமாற்றும்.) முதுகுத் துண்டு நெஞ்சளவில் பாதி; அதற்கு எனக்கு 86 கண்ணி, மதினிக்கு 106. தோளுக்கு 70, 78. ஆக, அக்குளில் பக்கத்துக்கு எனக்கு 8 கண்ணி கழித்தால் அவருக்கு 14. கூடுதல் அகலத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிய வேண்டும். கழுத்தை அரை இஞ்ச் மட்டும் கூட்டினேன்.

86, 106 என்று எடுத்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு புரட்டுக்கண்ணி என்று மாறிமாறி வரும் ரிப் பின்னலில் நான்கின் மடங்கோடு 2 சேர்ந்தால்தான் இரு ஓரமும் ஒத்துவரும்.

அப்புறம் 38-க்கும் கணக்குப் போட்டுவிட்டேன்: முதுகுக்கு 94, தோளுக்கு 74, அக்குளில் பக்கத்துக்கு 10.